சேர்மம் வேண்டாம், வேறு சொல் தேடுவோம்

அன்புடையீர்,

இடமகல் கருப்பை அகப்படல நோய்க்கான சீன மரபு மருந்துகளைப் பற்றிய உங்கள் மொழிபெயர்ப்பைப் படித்தேன். நோயின் பெயரில் எனக்குப் பிணக்கில்லை. கருப்பையின் உட்சவ்வைப் போன்ற திசு சினைப்பையிலும் வயிற்றறை உறையிலும் வளர்வதை 'இடமகல்' நன்றாகவே காட்டுகிறது. மருந்துகளைச் 'சேர்மங்கள்' என்று எழுதியிருப்பதுதான் என்னை வருத்துகிறது.

சேர்மம் என்றால் பள்ளியில் படித்த எவருக்கும் நீரும் உப்பும் நினைவுக்கு வரும். சீனர் 'ஃபூஃபாங்' என்பதோ பல சரக்குகளை அளவறிந்து சேர்த்த மருந்து. குய்சி ஃபூலிங் உருண்டையைப் பாருங்கள். கி.பி. 200ஐ ஒட்டி வாழ்ந்த சாங் சோங்சிங் எழுதிவைத்தது. சீன இலவங்கத்தின் இளங்கிளை, ஃபூலிங், மூடான் செடியின் வேர்ப்பட்டை, பீச் பருப்பு, பியோனி வேர் என ஐந்து சரக்குகள். தேங்கிய இரத்தத்தை ஓடவைப்பது நோக்கம். ஒவ்வொரு சரக்கிலும் எத்தனையோ சேர்மங்கள் உண்டு. டான்ஷென் என்ற சீன மூலிகையின் வேரிலிருந்து பிரித்தெடுக்கும் டான்ஷினோன் ஒரு சேர்மம். டான்ஷென் சேர்ந்த கஷாயம் சேர்மம் அன்று. இது மயங்கினால், ஆய்வகத்தில் ஒரு மூலக்கூறு செய்ததை முழு மருந்தும் செய்யும் என்று வலியில் துடிக்கும் ஒரு பெண் நம்பிவிடுவாள்.

'கூட்டுமருந்து' என்று வைத்துக்கொள்ளலாமா?

*

ஐயா, வணக்கம்.

சேர்மத்தை நீக்கத்தான் வேண்டும். ஆனால் 'கூட்டு மருந்து சிகிச்சை' தொழுநோய்க்கு நிலைத்துவிட்ட பெயர். நலவாழ்வு நிலையச் சுவர்களில் படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். 'மூலிகைக்கூட்டு' எளிதாக இருக்கும்.

*

அம்மா,

தொழுநோயை நான் எண்ணிப் பார்க்கவில்லை. கூட்டுமருந்தைத் திரும்பப் பெறுகிறேன்.

மூலிகைக்கூட்டு காதுக்கு இனியது, ஆனால் போதாது. ஃபூலிங் பைன் மர வேரில் வளரும் பூஞ்சை. வேறு சீன மருந்துகளில் சிப்பி ஓடும் கனிமங்களும் சேர்கின்றன. இவை எல்லாவற்றையும் தழுவும் சொல் நம் மருத்துவரிடமே இருக்கிறதே! செடியானாலும் தாதுவானாலும் உயிர்ப்பொருளானாலும் சித்த மருத்துவத்தில் அது 'சரக்கு'. நாட்டு மருந்துக் கடையில் இன்றும் கடைச்சரக்கு என்றுதான் கேட்கிறோம். ஆகவே 'சரக்குக்கூட்டு'.

சீன மரபில் சரக்குகளுக்கு அரசன், அமைச்சர், துணைவர், தூதர் என்று பதவிகள் உண்டு; 'கூட்டு' அந்த வரிசையைச் சொல்லாதே என்று கேட்கலாம். திரிகடுகு என்ற பெயரும் சுக்கு, மிளகு, திப்பிலியின் அளவைச் சொல்வதில்லை. அதனால் மருந்து செய்பவர் யாரும் தடுமாறியதில்லை.

மொழிபெயர்ப்பின் ஒரு பத்தியை மட்டும் உடனே மாற்ற வேண்டுகிறேன். மருத்துவச் சோதனைகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2012 மதிப்பாய்வு 2 சோதனைகளையே ஏற்றது. பெண்கள் மொத்தம் 158 பேர். இன்னும் கண்டிப்பான சோதனைகள் தேவை என்றும் அது கூறியது. அங்கே சீன மருத்துவம் பெற்ற பெண்களுக்குக் கொடுத்தது சரக்குக்கூட்டு. 'சேர்மங்கள் ஆராயப்பட்டன' என்ற வரி அப்படியே நிற்கக் கூடாது.

*

ஐயா, 'சரக்குக்கூட்டு' எனக்கு உடன்பாடு. அந்தப் பத்தியை இன்றிரவே திருத்திவிடுகிறேன். டான்ஷினோன் வரும் இடங்களில் மட்டும் சேர்மம் இருக்கட்டும்.