தேதி எழுதப்படாத டியூப்லைட் பெட்டிகள்: ஆலோசனை தேவை

குழு நண்பர்களுக்கு வணக்கம். டெக்சாஸில் ஒரு சிறிய சரக்குக் கிடங்கின் பாதுகாப்புப் பொறுப்பை அண்மையில் ஏற்றிருக்கிறேன். எல்இடிக்கு மாறியபோது கழற்றிய பழைய டியூப்லைட்டுகள் பின்னறையில் பதினான்கு அட்டைப் பெட்டிகளில் இருக்கின்றன. பாதிப் பெட்டிகள் திறந்தே கிடக்கின்றன, எதிலும் தேதி இல்லை.

பாதரசம் உள்ள இத்தகைய விளக்குகளை அமெரிக்கக் கூட்டாட்சி விதிகள் 1999இல் 'யுனிவர்சல் வேஸ்ட்' (பல இடங்களிலும் பரவலாகச் சேரும், சற்று எளிய விதிகளுக்கு உட்பட்ட அபாயக் கழிவுகள்) பட்டியலில் சேர்த்தன. மொத்தம் 5,000 கிலோவுக்குக் குறைவாகச் சேர்த்து வைப்பவர்கள், மூடிய பெட்டியில் உரிய லேபிள் ஒட்டி, பொதுவாக ஓராண்டு வரை வைத்திருக்கலாம். ஆனால் எந்த நாளிலிருந்து வைத்திருக்கிறோம் என்பதைக் காட்டியாக வேண்டும். அங்கேதான் நான் சிக்கியிருக்கிறேன். விளக்குகளை மாற்றிய மின்பணியாளரின் பில் தேதியைத் தொடக்க நாளாகக் கொள்வது சரியாகுமா? இன்றைய தேதியை எழுதிவிடும்படி ஒருவர் சொன்னார். அது பொய்யாகும் என்பதால் மறுத்துவிட்டேன்.

மூன்று குழல்கள் உடைந்திருக்கின்றன. அந்த அறையில்தான் இருவர் மதிய உணவு உண்கிறார்கள் என்பது என்னை மிகவும் உறுத்துகிறது. அவர்களை உடனே வேறு இடத்துக்கு மாற்றிவிட்டேன். உடைந்த துண்டுகளை மூடிய கலத்தில் அடைத்து அனுப்பிய அனுபவம் உள்ளவர்கள், மறுசுழற்சி நிறுவனம் அவற்றைத் தனியாகக் கேட்டதா, எந்த ஆவணங்களைப் பெற்று வைத்தீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள்.