அம்மா வீட்டுக்கு வாஷிங் மெஷின் வருகிறது. வருவதற்கு முன் என்னென்ன செய்து வைக்க வேண்டும்?

அரசலாறு (ஞாயிறு இரவு)

எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் அம்மா தனியாக இருக்கிறார். அவருக்காக 7 கிலோ வாஷிங் மெஷின் ஒன்று வாங்கியிருக்கிறேன், முன்பக்கம் வட்டக் கதவு இருக்கும் ஃப்ரன்ட் லோடு. வியாழக்கிழமை டெலிவரி. நான் சென்னையில் வேலை பார்க்கிறேன், செவ்வாய் இரவு கிளம்பி ஊருக்குப் போகிறேன்.

அம்மாவுக்கு 68 வயது. வலது மணிக்கட்டில் தீராத வலி. போன மாதம் நான் போயிருந்தபோது ஒரு போர்வையைப் பிழியாமல் அப்படியே கொடியில் போட்டு, சொட்டுகிற தண்ணீருக்குக் கீழே வாளி வைத்திருந்தார். கேட்டதற்கு, "முறுக்க முடியலடி, தானா காயட்டும்" என்றார். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

வீடு பழைய ஓட்டு வீடு. திண்ணை, ரேழி, கூடம், பின்கட்டு, அப்புறம் கொல்லை. சமையலறைக்கும் பின்கட்டுக்கும் மட்டும் பிற்பாடு தளம் போட்டார்கள். பின்கட்டில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் மெஷினை வைக்கலாம் என்று நினைக்கிறேன். அங்கே கருங்கல் தரை, தண்ணீர் ஓட வேண்டும் என்பதற்காகச் சாக்கடைப் பக்கம் சரிவாக இருக்கும்.

மெஷின் அகலம் 60 செ.மீ., உயரம் 85 செ.மீ., எடை 62 கிலோ என்று போட்டிருக்கிறது. அம்மாவை டேப் வைத்து அளக்கச் சொன்னேன். ரேழிக் கதவு 78 செ.மீ., சமையலறைக் கதவு 69 செ.மீ.

பின்கட்டில் ஒரே ஒரு 5 ஆம்ப்ஸ் பிளக் இருக்கிறது, கிரைண்டருக்காகப் போட்டது. பாதி வீட்டில் இன்னும் மரக்கட்டை மேல் ஓடும் பழைய வயரிங்தான். கிரைண்டரைத் தொட்டால் லேசாகச் சுருக்கென்று இருக்குமாம், அம்மா செருப்பு போட்டுக்கொண்டு அரைக்கிறார். தண்ணீர் போரிலிருந்து வருகிறது, தளத்தின் மேல் 500 லிட்டர் டேங்க். குழாயில் நிதானமாகத்தான் விழும். வாளி, செம்பு எல்லாவற்றிலும் வெள்ளை படியும்.

கடைக்காரர், "எங்க ஆள் வந்து எல்லாம் பண்ணிக் கொடுத்துடுவார் மேடம்" என்கிறார். உண்மையில் எதை அவர் செய்வார், எதை நான் முன்கூட்டியே செய்து வைக்க வேண்டும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மூன்றாவது மாடி (ஞாயிறு இரவு)

சகோதரி, "எல்லாம்" என்பதை நம்பி உட்கார வேண்டாம். வருகிறவர் நான்கு வேலை செய்வார். மெஷினின் பின்னால் இருக்கும் போல்ட்டுகளைக் கழற்றுவார், காலைத் திருகி மட்டம் பார்ப்பார், ட்யூபை மாட்டுவார், ஒருமுறை ஓட்டிக் காட்டுவார். சுவரில் துளை போடுவது, குழாய் இழுப்பது, பிளக் வைப்பது எதுவும் அவர் வேலையில் சேராது. எங்கள் வீட்டில் மொட்டைக் குழாய்தான் இருந்தது. மெஷின் ட்யூப் பிடிக்க முக்கால் இஞ்ச் வெளிமரை வேண்டும். "குழாயை மாத்திட்டுக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனவர் ஒன்பது நாள் கழித்துத்தான் வந்தார். கடையில் வாஷிங் மெஷின் டேப் என்று கேட்டாலே கொடுப்பார்கள். இன்றைக்கே வாங்கிப் போட்டுவிடுங்கள்.

கழற்றிய போல்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். டிரம் ஆடாமல் இறுக்கிப் பிடிப்பவை அவை. நாளைக்கு வீடு மாறினால் மறுபடியும் மாட்ட வேண்டும். கழற்ற மறந்து ஓட்டினாலோ மெஷின் குதிக்கும், உள்ளே உடையும். அந்த ஆள் கழற்றினாரா என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

பழைய வயர்மேன் (திங்கள் காலை)

அம்மா, உங்கள் கேள்வியைப் படித்ததிலிருந்து எனக்கு மெஷினைப் பற்றி யோசனையே ஓடவில்லை. அந்தக் கிரைண்டர்தான் கண்முன் நிற்கிறது. முதலில் உங்கள் அம்மாவுக்குப் போன் போட்டு, அதன் பிளக்கைப் பிடுங்கி வைக்கச் சொல்லுங்கள். நான் 31 வருடம் வீட்டு வயரிங் செய்தவன். "லேசா சுருக்குங்குது, செருப்பு போட்டா தெரியலை" என்கிற பேச்சை எத்தனையோ வீட்டில் கேட்டிருக்கிறேன். ஒருநாள் செருப்பு நனைந்திருக்கும், கை ஈரமாக இருக்கும். அப்போது அது லேசாக இருக்காது.

உங்கள் பிளக்கில் மூன்று ஓட்டை இருக்கும். மேலே இருக்கிற பெரிய ஓட்டைதான் எர்த். கட்டை வயரிங் வீடுகளில் பலகையைக் கழற்றிப் பார்த்தால் அந்த ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது. சில இடத்தில் அதைவிட மோசம்: நியூட்ரலிலிருந்து (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) ஒரு துண்டு வயரை எர்த் ஓட்டைக்கு இழுத்து முறுக்கியிருப்பார்கள். டெஸ்ட் லாம்ப் வைத்தால் எரியும், எர்த் இருப்பது போலவே தோன்றும். ஆனால் வழியில் எங்காவது நியூட்ரல் அறுந்தால், மெஷினின் தகரம் முழுக்க 230 வோல்ட் வந்து நிற்கும். யாராவது "எர்த் கொடுத்துட்டேன்" என்று சொன்னால், எங்கிருந்து கொடுத்தீர்கள் என்று கேளுங்கள், கம்பி மண்ணுக்குள் இறங்கும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

புது மெஷின்தானே, கசியாது என்றும் நினைக்க வேண்டாம். மின்சார இரைச்சலை வடிகட்ட இந்த மெஷின்களுக்குள் ஒரு ஃபில்டர் உண்டு. அது சிறு கரண்டை எர்த் பக்கம் அனுப்பிக்கொண்டே இருக்கும், அதன் அமைப்பே அப்படி. எர்த் இல்லையென்றால் அது மெஷின் உடம்பிலேயே நிற்கும். ஈரத் தரையில் வெறுங்காலோடு துணி எடுப்பவருக்குச் சுருக்கென்று ஏறும்.

செய்ய வேண்டியது இதுதான். கொல்லையில், சுவரிலிருந்து ஐந்தடி தள்ளி எட்டடி ஆழத்துக்குக் குழி போட்டு ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் போடச் சொல்லுங்கள். உங்கள் ஊர் ஆற்றங்கரை மண், ஈரம் நிற்கும், நல்ல எர்த் கிடைக்கும். கோடையில் மட்டும் பைப் வாயில் வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினால் போதும். அடுத்து, மெயின் போர்டிலிருந்து பின்கட்டுக்குத் தனி லைன், 2.5 சதுர மி.மீ. செம்பு வயர், கூடவே பச்சை எர்த் வயர். வெந்நீரில் துவைக்கும்போது உள்ளே இருக்கிற ஹீட்டர் சுமார் 2000 வாட்ஸ் இழுக்கும், அதாவது ஒன்பது ஆம்பியர் அளவு. 5 ஆம்ப்ஸ் பிளக்கும் கிரைண்டர் லைனும் அதைத் தாங்காது. 16 ஆம்ப்ஸ் பவர் பிளக் போடுங்கள், தண்ணீர் தெறிக்காத உயரத்தில். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பக்கமே போகக் கூடாது.

அந்தத் தனி லைனுக்கு 16 ஆம்ப்ஸ் எம்.சி.பி.யும், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் போடுங்கள். கரண்ட் அளவுக்கு மீறினால் எம்.சி.பி. லைனைத் துண்டிக்கும். கரண்ட் கசிந்தால் ஆர்.சி.சி.பி. கண்ணிமைக்கும் நேரத்தில் விழுந்து, அதாவது தானாக ஆஃப் ஆகிவிடும். வீடு முழுக்க ஒரே ஆர்.சி.சி.பி. போட்டால் பழைய வயரிங்கின் கசிவுக்கெல்லாம் அடிக்கடி விழும். அப்புறம் எரிச்சலில் யாராவது அதைத் தவிர்த்துவிட்டு வயரை நேராக இணைத்துவிடுவார்கள். ஆகவே இப்போதைக்கு இந்த லைனுக்கு மட்டும்.

வியாழக்கிழமைக்குள் இதெல்லாம் முடியாது. டெலிவரியைப் பத்து நாள் தள்ளிப் போடுங்கள். ஒரு போன் பேசினால் போதும்.

கொல்லைக்கிணறு (திங்கள் மாலை)

வயர்மேன் ஐயா சொன்னதற்கு மேல் கரண்டில் நான் சேர்க்க ஒன்றுமில்லை. தண்ணீரைப் பற்றிச் சொல்கிறேன், அதில்தான் நான் பட்டிருக்கிறேன்.

குழாயில் நிதானமாக விழும் என்கிறீர்களே, அதுதான் பிரச்சினை. மெஷினுக்குள் இருக்கும் வால்வு சரியாகத் திறக்கவும் மூடவும் குறைந்தபட்ச அழுத்தம் வேண்டும். மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டில் இருக்கும். எங்களுடையதில் 0.3 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு). டேங்க் அடிப்பாகத்துக்கும் மெஷின் குழாய்க்கும் இடையே பத்து மீட்டர் உயரம் இருந்தால் சுமார் ஒரு பார். அப்படியானால் 0.3 பாருக்கு மூன்று மீட்டர், அதாவது பத்தடி. ஒற்றை மாடி வீட்டில் பத்தடி கிடைப்பது கஷ்டம். டேங்குக்கு நேர் கீழே இருக்கிற வீட்டில்தான் தண்ணீர் வேகம் குறைவாக இருக்கும். பலர் இதைத் தலைகீழாக நினைத்துக்கொள்கிறார்கள்.

போனதும் இரண்டு அளவு எடுங்கள். டேங்க் அடி தரையிலிருந்து எத்தனை அடி? பின்கட்டுக் குழாயை முழுக்கத் திறந்து 15 லிட்டர் வாளி நிரம்ப எத்தனை நிமிடம்?

அரசலாறு (புதன் மதியம்)

எல்லோருக்கும் நன்றி. கிரைண்டர் பிளக்கைத் திங்களன்றே பிடுங்கியாகிவிட்டது. டெலிவரியை 12 நாள் தள்ளி வைத்திருக்கிறேன், கடையில் ஒன்றும் சொல்லவில்லை. எலெக்ட்ரீஷியன் பலகையைக் கழற்றினார். ஐயா சொன்னது போலவே எர்த் ஓட்டைக்குப் பின்னால் எதுவும் இல்லை.

டேங்க் அடி தரையிலிருந்து பத்தரை அடி. மெஷின் குழாய் மூன்றடியில் வரும். ஆக ஏழரை அடிதான் மிச்சம். வாளி நிரம்ப 3 நிமிடம் 40 நொடி ஆனது. ஆர்.ஓ. மெஷின் சர்வீஸ் செய்பவர் தண்ணீர் டி.டி.எஸ். 900 என்று சொல்லிவிட்டுப் போனார். இது கடினத் தண்ணீர்தானே?

கொல்லைக்கிணறு (புதன் இரவு)

ஏழரை அடி என்றால் சுமார் 0.23 பார். போதாது. வாளிக் கணக்கு நிமிடத்துக்கு நான்கு லிட்டர்தான் வருகிறது, அதுவும் போதாது. மெஷின் தண்ணீருக்குக் காத்திருந்து பார்த்துவிட்டு, பிழைக் குறியீடு காட்டி நின்றுவிடும்.

பிரஷர் பம்ப் ஒரு வழி. ஆனால் அம்மா தனியாக இருக்கும் வீட்டில் இன்னொரு மோட்டாரை நான் சேர்க்க மாட்டேன். டேங்கை நான்கடி உயர்த்துங்கள். இரும்பு ஆங்கிள் ஸ்டாண்டு போடலாம், இல்லை செங்கல் தூண் கட்டலாம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: 500 லிட்டர் தண்ணீரே 500 கிலோ. ஸ்டாண்டின் கால்கள் சுவருக்கு நேர் மேலே உட்கார வேண்டும், தளத்தின் நடுவில் வைக்கவே கூடாது. டேங்கிலிருந்து இறங்கும் குழாய் பழைய ஜி.ஐ. என்றால் அதையும் எடுத்துவிட்டு ஒரு இஞ்ச் பிளாஸ்டிக் குழாய் இழுங்கள், மெஷின் அருகில் வந்து சிறிதாக்கிக்கொள்ளலாம். குழாய்க்கு முன் சின்ன ஃபில்டர் ஒன்று போடுங்கள். போர் மணல் மெஷினின் வலையை அடைக்காமல் இருக்கும்.

டி.டி.எஸ். என்பது கரைந்திருக்கும் எல்லா உப்பும் சேர்ந்த கணக்கு. ஹீட்டரில் காரை (சுண்ணாம்புப் படிவு) பிடிக்க வைப்பது அதில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும்தான், அதற்குக் கடினத்தன்மை என்று தனிச் சோதனை உண்டு. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீரே இல்லாத பட்சத்தில் 600 வரை. முடிவு வந்த பிறகு சாஃப்ட்னர் (தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் கருவி) வேண்டுமா என்று பார்க்கலாம். அதுவரை பெரும்பாலும் குளிர்ந்த தண்ணீரில் துவைக்கச் சொல்லுங்கள், சூடாக்கினால்தான் காரை வேகமாகப் படியும்.

மூன்றாவது மாடி (புதன் இரவு)

கழிவுத் தண்ணீரையும் பாருங்கள். மெஷினின் ட்யூபைச் சாக்கடையில் தரையோடு போட்டுவிடாதீர்கள். உள்ளே ஏறுகிற தண்ணீர் தானாகவே வழிந்துகொண்டே இருக்கும், மெஷின் நிரப்பிக்கொண்டே இருக்கும். இரண்டடிக்குக் குறையாமல், மூன்றடிக்கு மேல் போகாமல் ஒரு பிளாஸ்டிக் பைப்பைச் செங்குத்தாக நிறுத்தி, அதன் வாயில் ட்யூபை மாட்டுங்கள். அடியில் அது சாக்கடைக்குப் போகட்டும். கொல்லைக்கு விடுவதானால் கீரைப் பாத்தி பக்கம் வேண்டாம், கல்வாழை வைத்து அங்கே விடுங்கள்.

சரிவுத் தரைக்குக் காலைத் திருகி மட்டம் செய்வது ஓரளவுக்குத்தான் முடியும். மெஷினைவிட அரையடி அகலமாக, நான்கு இஞ்ச் உயரத்தில் கான்கிரீட் மேடை போட்டு ஒரு வாரம் தண்ணீர் ஊற்றுங்கள். சக்கரம் வைத்த ஸ்டாண்டு மட்டும் வேண்டாம். பிழியும்போது டிரம் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும்.

அரசலாறு (மூன்று வாரம் கழித்து, சனிக்கிழமை)

பாதியில் விட்டுப் போகக் கூடாது என்று எழுதுகிறேன்.

எர்த் குழி தோண்ட இரண்டு பேருக்கு ஒரு நாள். ஆறடியிலேயே ஈரம் வந்துவிட்டது. தனி லைன், பவர் பிளக், ஆர்.சி.சி.பி. எல்லாம் ஐயா சொன்னபடி. பழைய ஜி.ஐ. குழாயை அறுத்தபோது உள்ளே சுண்ணாம்பு படிந்து பென்சில் நுழையும் அளவுக்குத்தான் ஓட்டை இருந்தது. டேங்கை நான்கடி ஏற்றிக் குழாயையும் மாற்றிய பிறகு அதே வாளி 1 நிமிடம் 30 நொடியில் நிரம்பியது. கொல்லைக்கிணறு அவர்களே, நிமிடத்துக்கு பத்து லிட்டர்!

மெஷின் அட்டைப்பெட்டியோடு சமையலறைக் கதவில் நுழையவில்லை. கூடத்திலேயே பெட்டியைப் பிரித்துத் தூக்கினோம். நிலைப்படி தாண்ட மூன்று பேர் வேண்டியிருந்தது. இன்ஸ்டலேஷன் ஆள் 35 நிமிடத்தில் முடித்துவிட்டார். போல்ட்டுகள் நான்கும் அம்மாவின் அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு டப்பாவில் இருக்கின்றன.

வயர்மேன் ஐயாவுக்கு ஒரு செய்தி. வேலை முடிந்த அன்று, மெஷின் வருவதற்கு முன்பே, எலெக்ட்ரீஷியன் கிரைண்டரைப் புது லைனில் செருகிப் பார்த்தார். சுவிட்சைத் தட்டிய மாத்திரத்தில் ஆர்.சி.சி.பி. விழுந்தது. இரண்டாவது முறையும் விழுந்தது. மோட்டாரைக் கழற்றிக் கொண்டுபோய் உள்ளே இருக்கும் காயிலைப் புதிதாகச் சுற்றி வந்தாயிற்று, இப்போது விழுவதில்லை. எத்தனை வருடமாக அம்மா அதைத் தொட்டுக்கொண்டிருந்தார் என்று கேட்டேன். "அப்பா இருந்தப்பவே அப்படித்தான்" என்றார். அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது.

நீர்ச் சோதனை முடிவு இன்னும் வரவில்லை, வந்ததும் இங்கே போடுகிறேன். இன்னொரு கேள்வி: பின்கட்டில் எலி உண்டு. மெஷினின் அடிப்பக்கம் திறந்துதான் இருக்கிறது. வலை அடித்தவர்கள் யாராவது இருந்தால் எப்படிச் செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.