செலினியம் குச்சியை மீட்டரில் சோதிப்பது எப்படி?

கேள்வி: வணக்கம். 1960களின் கடைசியில் வந்த ஐரோப்பியக் கருப்பு வெள்ளை டிவி ஒன்று. பிரைட்னெஸ் ஏற்றினால் படம் ஊதிப் பெரிதாகி மங்குகிறது. படக்குழாய்க்கு ஈஎச்டி (மிக உயர் அழுத்தம்) கொடுக்கும் பக்கம், அதை ஒருதிசை மின்சாரமாக்கும் செலினியம் குச்சி இருக்கிறது. மீட்டர் முனைகளை மாற்றி வைத்தாலும் ஓபன் (மின்சாரம் ஓடவில்லை) என்றே காட்டுகிறது. போய்விட்டதா?

பதில்: மீட்டரை நம்பாதீர்கள் தம்பி. உள்ளே நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன செலினியம் தட்டுகள் தொடராக அடுக்கியிருக்கும். மீட்டரின் சில வோல்ட் அதைத் திறக்கவே திறக்காது. புதுக் குச்சியும் ஓபன்தான் காட்டும். ஆனால் நீங்கள் சொல்வது கிழட்டுச் செலினியத்தின் லட்சணம். உள்தடை ஏறிவிடும், பிரைட்னெஸ் ஏற்றிப் பீம் கரண்ட் (எலெக்ட்ரான் கற்றையின் மின்னோட்டம்) கூடினால் ஈஎச்டி சரியும், அப்போது கற்றை அதிகமாக வளைந்து படம் பெரிதாகும். நல்ல குச்சி மாற்றிப் பாருங்கள். (இதே வேலைக்கு டிஒய்86 வால்வு என்றால் ஹீட்டர் எரிவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அந்தச் சுகம் இதில் கிடையாது.)

கேள்வி கேட்டவர்: அதற்குப் பதில் 1என்4007 சிலிக்கான் டயோடுகளை வரிசையாகக் கோர்க்கலாமா அண்ணே?

பதில்: வேண்டாம். அது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கானது. இங்கே டிவியின் கிடைவரித் துடிப்பு, 15,625 ஹெர்ட்ஸ். துடிப்பு திரும்பும்போது சட்டென்று அணையாமல் பின்னோக்கியும் கடத்தும், சூடாகிச் சாகும். வேகமான உயர் அழுத்த சிலிக்கான் குச்சி வாங்குங்கள்.

இன்னொருவர்: கை வைக்கும் முன் படக்குழாயின் ஆனோடை (உயர் அழுத்த முனை) முதலில் டிஸ்சார்ஜ் செய்யுங்கள். செலினியம் எரிந்து நாறினால் மூக்கை நீட்டாதீர்கள், அந்தப் புகை விஷம்.