மார்ச் கூடைப்பந்துப் போட்டிகளில் கார்டுகள்தான் ஜெயிக்க வைக்கிறார்களா?

கேள்வி: மார்ச்சில் தொடங்கும் என்சிஏஏ போட்டி (அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து) வந்தாலே எல்லோரும் கார்டு, கார்டு என்கிறார்கள், அதாவது பந்தைக் கொண்டுபோய் வெளியிலிருந்து ஆட்டத்தை நடத்தும் வீரர். கூடைக்குப் பக்கத்தில் ஆடும் உயரமான நல்ல சென்டர் இருந்தால் போதாதா?

பதில் 1: போதாது. 2024 இறுதிப் போட்டியைப் பாருங்கள். பர்டூ பல்கலைக்கழகத்தின் சென்டர் சாக் ஈடி, ஏழடிக்கு மேல் உயரம், 37 புள்ளி எடுத்தார், ஆனாலும் யூகான் (கனெக்டிகட் பல்கலைக்கழகம்) 75-60 என்று ஜெயித்தது. ஈடிக்கு இரட்டைக் காவல் போடாமல் வெளியே இருந்த கார்டுகளை விடாமல் ஒட்டி நின்றார்கள், அதனால் பர்டூ மொத்த ஆட்டத்திலும் போட்டது ஒரே ஒரு மூன்று புள்ளி ஷாட். யூகானில் கார்டு டிரிஸ்டன் நியூட்டன் 20 எடுத்தார்.

பதில் 2: தோற்றால் வெளியே என்பதுதான் விஷயமே. கடைசி இரண்டு நிமிடத்தில் எதிரணி முழு மைதானத்திலும் நெருக்கும்போது, பத்து நொடிக்குள் பந்தைப் பாதிக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோக வேண்டும், அப்புறம் எதிரணி ஃபவுல் செய்தால் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவையும் (யாரும் தடுக்காமல் போடும் ஷாட்) தவறாமல் போட வேண்டும். இதெல்லாம் சென்டர் வேலை இல்லை. 2014 இறுதியில் யூகான் பத்துக்குப் பத்து ஃப்ரீ த்ரோ, கென்டக்கி 24-இல் 13. வித்தியாசம் ஆறே புள்ளி! யூகானின் கார்டு ஷபாஸ் நேப்பியர் எடுத்தது 22 புள்ளி.

பதில் 3: சரி, ஆனால் அதே 2024-இல் யூகானின் சென்டர் கிளிங்கன் இல்லாமல் ஈடியைத் தனி ஆளாக யார் சமாளித்திருப்பார்கள்? அவரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.