'இரோட்' என்ற ஆங்கில வினைச்சொல்லை மனிதருக்குப் பயன்படுத்தலாமா?

பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். 'இரோட்' என்ற வினைச்சொல்லில் சிக்கி நிற்கிறேன். நேர்ப்பொருளில் தொல்லை இல்லை: கடல் கரையை அரிக்கிறது, காற்று மண்ணை அரிக்கிறது. உருவகப் பொருளில்தான் சிக்கல். ஒரு மாணவி கட்டுரையில் இப்படி எழுதியிருக்கிறாள்: 'த ஸ்கேண்டல் இரோடட் த மினிஸ்டர் ஓவர்நைட்' (அதாவது, அந்த முறைகேட்டு விவகாரம் ஒரே இரவில் அமைச்சரை அரித்துவிட்டது). துணிச்சலான வாக்கியம், எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் காதில் இடறுகிறது.

ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் அகராதிகளைப் பார்த்துவிட்டேன். இரண்டுமே சிறிது சிறிதாகத் தேய்வதையே சொல்கின்றன. எனவே 'ஓவர்நைட்' பொருந்தாது. லத்தீன் வேருக்கே கொறித்தல் என்றுதான் பொருள். எலியினத்தைக் குறிக்கும் 'ரோடன்ட்' அதே வேரில் பிறந்தது. 'கான்ஃபிடன்ஸ்', 'ட்ரஸ்ட்', 'சப்போர்ட்' ஆகியவை செயப்படுபொருளாக வருகின்றன. 'ஹிஸ் சப்போர்ட் இரோடட்' என்று செயப்படுபொருள் இல்லாமலும் எழுதலாம். மனிதரே செயப்படுபொருளாக வரும் எடுத்துக்காட்டு மட்டும் எனக்குக் கிடைக்கவில்லை.

வியாழக்கிழமை கட்டுரைகளைத் திருப்பித் தர வேண்டும். அவள் கட்டாயம் காரணம் கேட்பாள். 'ஓவர்நைட்' என்பதை 'கிராஜுவலி' என்று மாற்றினால் அந்த வாக்கியம் சரியாகிவிடுமா, அல்லது அமைச்சருக்குப் பதிலாக அவர்மீதுள்ள நம்பிக்கையைத்தான் எழுத வேண்டுமா?