இடுப்பு மூட்டு மாற்று: காலின் ரத்த ஓட்டம் பார்க்கும் படிவம் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம். இடுப்பு மூட்டு மாற்று அறுவை முடிந்து வார்டுக்கு வருபவர்களுக்காக ஒரு பக்கக் கண்காணிப்புப் படிவம் தயாரிக்கிறோம். உங்கள் வார்டில் பயன்படுவதைப் பகிர முடியுமா?

காலுக்கு ரத்தம் போகாவிட்டாலும், முதுகில் போட்ட மயக்க மருந்து தெளியும்வரை வலி தெரியாது. பாதத்தைத் தூக்க முடியவில்லை என்றால், நரம்பு இழுபட்டிருக்கும் என்று விட்டுவிடுகிறார்கள். பாதம் சில்லிட்டு வெளுத்து, நாடியும் கிடைக்காவிட்டால் தமனி அடைப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்; சுமார் 6 மணி நேரம் தாண்டினால் தசை பிழைப்பது கடினம்.

ரத்தக்கசிவு இன்னும் ஏமாற்றும். இடுப்பெலும்புக் குழியில் பொருத்தும் செயற்கைக் கிண்ணத்தின் முன்-மேல் பகுதியில் போடும் திருகு உள்ளே நீண்டால் வெளி இலியாக் நாளங்களை (காலுக்கான பெரிய ரத்தக்குழாய்களை) குத்தலாம். ரத்தம் இடுப்புக்குழிக்குள் தேங்கும், கட்டு நனையாது. பிரஷர் இறங்கி, துடிப்பு ஏறும், அவ்வளவுதான். (காயத்திலிருந்து ரத்தம் வடிக்கும் குழாயான டிரெய்ன் காலியாக இருப்பதை நம்பவே கூடாது.)

முதல் 24 மணி நேரத்தில் எவ்வளவு இடைவெளியில் நாடி பார்க்கிறீர்கள்? அறுவைக்கு முன்பே இரண்டு கால்களிலும் கணுக்கால்-கை அழுத்த விகிதம் (கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்தது) குறிக்கிறீர்களா? சர்க்கரை நோயாளிகளுக்குத் தமனி கெட்டிப்பட்டு அது பொய்யாக உயர்ந்து காட்டுகிறதே, அவர்களுக்கு என்ன செய்கிறீர்கள்? விரல்களுக்கு நாடி சிக்காதபோது இரவுப் பணியில் டாப்ளர் (ஒலி அலையால் ரத்த ஓட்டத்தைக் கண்டறியும் கருவி) வைப்பது யார்?