வளாகத்துப் பிரசங்கமும் என் பதினொரு வரிகளும்

கேள்வி:
நூலக வாசலில் ஒருவர் பெட்டி மேல் ஏறி நின்று, படிக்க வந்த பெண்களை எல்லாம் ஒழுக்கம் கெட்டவர்கள் என்றார். என்னை நோக்கி விரல் நீட்டி, "உன்னைப் பெற்றவள் அழுவாள்" என்றார். வாயடைத்து நின்றேன். இரவு பதினொரு வரி எழுதினேன். கை நடுக்கம் நின்றது. நாளையும் வருவாராம். வாதாடவா, கவிதையை வாசிக்கவா?

பதில்:
வாதாடாதே தங்கச்சி, கூட்டம்தான் அவருக்குத் தீனி. தள்ளி நின்று வாசி. தனியாகப் போகாதே. விரல் நீட்டியதைத் தேதி, நேரத்தோடு நிர்வாகத்திடம் எழுதிக் கொடு.

பதில்:
எழுதுவதை விடாதீர்கள். 1986-இல் வெளியான, அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரின் ஆய்வில் மாணவர்கள் தினம் 15 நிமிடம், 4 நாள் எழுதினார்கள். நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் அப்புறம் மருத்துவரிடம் போனது குறைந்தது. எழுதும்போது மனம் கனக்கும், சகஜம்தான்.

கேட்டவர்:
வாசித்தேன். குரல் உடைந்தது. மூன்றாம் வரியில் முன்பின் தெரியாத ஒருத்தி பக்கத்தில் வந்து நின்றாள்.